முதுகில் ஒரு தட்டு

ராய்ப்பூர்,
14.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாத்தாள் எழுதுவது. நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? காது இரைச்சல் கொஞ்சமாவது குறைந்ததா? ராத்திரி மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

ரயிலில் பாப்பா ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. எதிர் சீட்டில் ஒரு கூட்டம் சீட்டாடிக்கொண்டு கத்தோ கத்து என்று கத்தியது. இவள் பாட்டுக்குத் தூங்கினாள். "இப்படியொரு சமத்துக் கொழந்தைய நான் பாத்ததே இல்லீங்க" என்று திருப்பூர்க்கார அம்மா ஒருத்தி சொன்னாள். பெற்றவள் அல்லவா, அபிக்கு ஒரே பெருமை.

மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். இப்போது அவருக்குப் போர் போடும் ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது. நீங்கள் அந்தக் காலத்தில் நின்ற மாதிரியே அவரும் கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறார், காதில் பஞ்சுகூட வைப்பதில்லை. "உங்க மாமனார் கத தெரியுமில்லீங்களா மாப்ள" என்றால் சிரிக்கிறார்.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. அபி போனில் எழுதி பக்கத்து வீட்டு வேலுமணி அண்ணன் போனுக்கு அனுப்பினால் நாம் எழுதுவதை இரண்டு வீடும் படிக்கும். அதனால்தான் கடிதம். நமக்குக் கல்யாணமான புதிதில் நீங்கள் ரிக் வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றினீர்கள், நான் மோகனூரில் உட்கார்ந்து எழுதினேன். இப்போது நான் சுற்ற வந்துவிட்டேன், நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

நார்த்தங்காய் ஊறுகாய் மேல் அலமாரியில் இருக்கிறது. ஈரக் கரண்டியைப் போடாதீர்கள். பாப்பாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஒரு வாரத்தில் திரும்புவதாகச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் தாமதமாகும். அபிக்கு ஒத்தாசை வேண்டியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

உங்கள்
கண்ணாத்தாள்


மோகனூர்,
26.11.2024

அன்புள்ள அம்மிணிக்கு,

நான் கல்லாட்டம் இருக்கிறேன். நீ, அபி, மாப்பிள்ளை, பாப்பா எல்லாரும் சுகம்தானே? காது இரைச்சலுக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே ஒரு ரிக் வண்டி ராப்பகலாக ஓடுகிறது, நல்லவேளை டீசல் கேட்பதில்லை.

கொஞ்சம் தாமதம் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு கொஞ்சம் என்று எழுதவில்லை.

நேற்று உலோகம் தேடும் மெஷினை எடுத்துக்கொண்டு மேட்டுக்காட்டுக்குப் போனேன். ஏரி வண்டல் அடித்த பிறகு அந்த மண்ணோடு யானைக் காசு வந்ததே, அதே இடம்தான். முள் ஆடுகிறது. ஆனால் இரும்புக்கும் செம்புக்கும் அது ஒரே ஆட்டம் ஆடுகிறது. எது என்று சத்தத்தில்தான் சொல்லும், அந்தச் சத்தம் உன் காதுக்குத்தான் தெரியும். தவளை கத்தினால் இரும்பு, குருவி கத்தினால் செம்பு என்று நீதானே கண்டுபிடித்தாய். நான் முன்னால் மெஷினை ஆட்டிக்கொண்டு போக, நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு பின்னால் வருவாய். முதுகில் ஒரு தட்டு என்றால் தோண்டுவேன், இரண்டு தட்டு என்றால் நடப்பேன். ஆறு வருஷமாக அப்படித்தான் நடந்தோம்.

சரி என்று வேலுமணிக்கு ஹெட்போனை மாட்டிக் கூட்டிப்போனேன். அவனுக்கு எல்லாச் சத்தமும் தங்கமாகவே கேட்கிறது. முதுகில் அடி அடியென்று அடிக்கிறான். இடுப்பளவு தோண்டி ஒரு மோட்டார் கிளாம்ப்பும் நாலு பீர் மூடியும் எடுத்தோம். "இன்னும் ரெண்டடி போனா தண்ணியே வந்துருமாட்ட இருக்குதுங்க" என்று அவன் சொன்னதை வாயசைவில் படித்தேன். அதோடு வீடு வந்து சேர்ந்தோம்.

நீ ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்த காசுகளை மறுபடி பேட்டரித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். பிரயோஜனம் இல்லை என்று எனக்கே தெரியும். செப்புக்காசுக்கு அந்தப் பச்சைதான் தோல். எழுத்தும் படமும் அந்தத் தோலில்தான் நிற்கும். யானைக்குத் தும்பிக்கையைக் காணோம். போகட்டும். அன்றைக்கு நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன். உனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஊறுகாயில் ஈரக் கரண்டி போடவில்லை.

இப்படிக்கு
கந்தவேல்


ராய்ப்பூர்,
11.12.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். இங்கே குளிர் எலும்பில் ஏறுகிறது. அங்கும் பனி இருக்கும், தலையில் துண்டு கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

முணுமுணுத்தீர்களா? "பாத்தரம் களுவறதத் தவர உனக்கு என்னடி தெரியும், என்ர ஆறு வருசத்தக் களுவி ஊத்திப்போட்டயே" என்றீர்கள். ஆராயி அக்கா மிக்சியை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அபி கரண்டியைக் கீழே போட்டாள். தொட்டிலில் பாப்பா மட்டும்தான் அசையாமல் தூங்கினாள். நீங்கள் முணுமுணுத்த லட்சணம் அதுதான்.

நான் என்ன கெடுதலா நினைத்தேன்? ஆயுத பூஜை என்றால் வீட்டில் உள்ள அரிவாள், கத்தி, வண்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைக்கிறோம். உங்கள் மெஷினையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். அது தேடிக் கொடுத்த காசைச் சாமி முன்னால் பாசி பிடித்த மாதிரி வைக்க மனசு வரவில்லை. எங்கம்மா வீட்டில் செப்புக்குடத்தைப் புளி போட்டுத்தான் தேய்ப்போம், அது தங்கமாட்டம் மின்னும். அரை நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். விரல் இடுக்கெல்லாம் எரிந்தது. தட்டில் அடுக்கி வைத்துவிட்டு, நீங்கள் வந்து பார்த்தால் சந்தோஷப்படுவீர்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். முணுமுணுத்தேன் என்று படித்ததும் பொறுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க எனக்கு அழுகை வந்தது, நீங்கள் டிவி பார்த்தீர்கள்.

பாப்பாவுக்கு இரண்டு பல் தெரிகிறது.

உங்கள்
கண்ணாத்தாள்


மோகனூர்,
23.12.2024

அன்புள்ள அம்மிணிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மற்றது நன்றாக இல்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கோபத்தில் கூட்டி எழுதுகிறாய் என்று நினைத்து ஆராயி அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் கையை நீட்டி ரேஷன் கடையைக் காட்டினாள். அப்புறம் அதையும் தாண்டி ஆலமரத்தைக் காட்டினாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இத்தனை வருஷமாக நான் மெதுவாகத்தான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் அம்மிணி. அபி கல்யாணத்தில் சம்பந்தி வழுக்கையைப் பற்றி உன் காதோரம் ஒன்று சொன்னேனே, அதுவும் மண்டபத்துக்கே கேட்டதா? அதனால்தான் மனுஷன் சாப்பிடாமல் போனாரா? பேங்கில், பஸ்ஸில், எழவு வீட்டில் நான் பேசினதெல்லாம்? ஒரு தடவையாவது என் கையைப் பிடித்து அமுக்கியிருக்கக் கூடாதா? பன்னிரண்டு வருஷம் ஊரே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது, நீயும் நின்றிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

இப்போது வெளியே போனால் வாயைத் திறப்பதில்லை. டீக்கடையில் விரலைக் காட்டி டீ வாங்குகிறேன். வேலுமணி என்னவோ கேட்டான், தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியவில்லை, சாயங்காலம் வந்து நம் கடப்பாரையை எடுத்துப்போய்விட்டான்.

பொங்கலுக்கு வந்துவிடு. மேட்டூரில் தண்ணீரை நிறுத்தினால் ஆறு வற்றும், காட்டிலும் அறுவடை முடிந்துவிடும். மெஷின் போட அதுதான் நல்ல காலம். உன் காது இல்லாமல் இந்தச் சீசனே வீணாகிவிடும்.

இப்படிக்கு
கந்தவேல்


ராய்ப்பூர்,
8.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, டீயிலேயே காலத்தை ஓட்டுகிறீர்களா?

உங்களுக்கு வேண்டியது என் காதா, நானா? காது என்றால் தனியாக அனுப்பி வைக்க முடியாது.

சம்பந்தி விஷயம்: கேட்டது. ஆனால் அவர் சாப்பிடாமல் போனது சர்க்கரை ஏறியதால். அவரே அந்த வழுக்கைப் பேச்சை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், கவலை வேண்டாம். கையை அமுக்கியிருக்கலாம்தான். அமுக்கினால் நீங்கள் பேசுவதையே விட்டுவிடுவீர்கள் என்று பயந்தேன். பயந்த மாதிரியே விட்டுவிட்டீர்கள். டீக்கடையில் வாயைத் திறந்து கேளுங்கள் மாமா. சத்தமாக இருந்தால் இருக்கட்டும்.

பொங்கலுக்கு வர முடியாது. பாப்பாவை ஒரு டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்கிறோம். சளிதான், பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, மாப்பிள்ளை ரிக்கோடு வெளியூர் போய்விடுகிறார், அபி தனியாள்.

ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன். உங்களுக்குக் காது போக ஆரம்பித்தபோது முதலில் எது கேட்காமல் போனது? எது கடைசி வரை கேட்டது? ஒன்றுமே கேட்காமல் போனபோது பயமாக இருந்ததா? சும்மாதான் கேட்கிறேன். யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
கண்ணாத்தாள்


மோகனூர்,
29.1.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

நலமாக இருக்கிறேன். பாப்பாவுக்குச் சளி குறைந்ததா? துளசியும் கற்பூரவல்லியும் அங்கே கிடைக்குமா? கிடைக்காவிட்டால் எழுது, காயவைத்து அனுப்புகிறேன்.

பொங்கல் நானே வைத்தேன். பொங்கி வழிந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. ஆராயி அக்கா இரண்டு கரும்பு கொடுத்தாள், ஒன்றை வேலுமணிக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது. இத்தனை வருஷத்தில் இதை நீ கேட்டதே இல்லை, நானும் சொன்னதில்லை. முதலில் போனது குயில். இந்தச் சித்திரையில் ஏன் குயிலே கூவவில்லை என்று உன்னிடம் கேட்டேன், நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். அப்புறம் குக்கர் விசில். அப்புறம் சின்னப்பிள்ளைகள் பேச்சு, அதற்குப் பின்னால் அபி பேச்சு. லாரி சத்தமும் ஆம்பிளைகள் குரலும் ரொம்ப நாள் இருந்தன.

உன் குரல் என்றைக்குப் போனது என்று தெரியாது. உன் வாயைப் பார்த்தே எல்லாம் புரிந்ததால் கேட்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. நீ பக்கத்தில் படுத்துக்கொண்டு ஏதோ பேசினாய். மூச்சுக் காற்று கழுத்தில் பட்டது, பேச்சு வரவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாக இருந்ததா என்று கேட்டிருக்கிறாய். இருந்தது. உன்னிடம் தூக்கம் வருகிறது என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மேட்டுக்காட்டில் தனியாகவே மெஷின் போட்டேன். முள் ஆடிய இடமெல்லாம் தோண்டினேன். ஆணி, லாடம், பான்பராக் தகடு, டிராக்டர் நட்டு. கடைசியில் வரப்போரம் ஒரு செப்புக்காசு, மண்ணோடு மண்ணாக ஒரு கட்டி. கையில் எடுத்துக்கொண்டு உன்னிடம் காட்டத் திரும்பினேன். அப்புறம் காசை மடியில் முடிந்துகொண்டு நடந்தேன். வழக்கம்போல வி.ஏ.ஓ.விடம் காட்டிவிட்டேன். "ஒத்தக் காசுக்கு இந்த வெயில்ல எதுக்குங்க அலையறீங்க" என்று எழுதிக் காட்டினார்.

சீக்கிரம் பதில் போடு.

இப்படிக்கு
கந்தவேல்


மோகனூர்,
2.3.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. எல்லாரும் சுகமாக இருந்தால் சரி. வேலுமணி போனில் அபிக்குப் பேசச் சொன்னேன். "எல்லாரும் நல்லாருக்கறாங்களாமுங்க" என்றான். அவ்வளவுதானா என்றேன், அவ்வளவுதான் என்றான்.

காசைப் பற்றி எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. ஒரு மாதமாகப் பேட்டரித் தண்ணீரில் ஊறுகிறது. தண்ணீர் பழுப்பானால் மாற்றுகிறேன். குழாய்த் தண்ணீரில் போட்டால் அதில் உள்ள உப்பு செம்பைத் தின்னும், வெளிர்பச்சையில் மாவு மாதிரி பூக்கும், அப்புறம் காசு உதிர்ந்துவிடும். இரும்பு ஊசி போட்டால் கீறும். கருவேல முள்ளை எடுத்து, வெயிலில் உட்கார்ந்து, லென்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மண் துணுக்காக எடுக்கிறேன். நேற்று ஒரு கால் தெரிந்தது. யானையா மாடா என்று இன்னும் சொல்ல முடியாது. அவசரப்பட்டால் மண்ணோடு தோலும் வந்துவிடும். நாலு நாளைக்கு ஒரு நகக்கண் அளவுதான் நகர்கிறது. அவ்வளவு நேரம் என்னிடம் இருக்கிறது.

நீ தேய்த்த காசுகள் லேசாகக் கருக்க ஆரம்பித்திருக்கின்றன. அவற்றைப் பார்த்தால் இப்போது எனக்குக் கோபம் வரவில்லை. உன் விரல் எரிந்ததை எழுதியிருந்தாயே, அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அம்மிணி, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். வீட்டில் இருக்க முடியவில்லை. நீ இருக்கும்போதும் எனக்கு ஒன்றும் கேட்காதுதான், ஆனால் நீ கடந்து போனால் தரை அதிரும், சமையல்கட்டில் நிழல் ஆடும். இப்போது எதுவும் ஆடுவதில்லை. சாயங்காலம் ஆனால் கிளம்பிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொள்கிறேன். மெஷின் வேண்டாம், அதை வேலுமணிக்கே கொடுத்துவிடுகிறேன். சீசனும் வேண்டாம். உன் காதுக்காக வரச் சொல்லவில்லை. நீ வா.

இப்படிக்கு
கந்தவேல்


மோகனூர்,
27.3.2025

அம்மிணி,

சுகம்தானா?

கோபமாக இருந்தால் கோபமாகவே ஒரு கார்டு போடு. இனிமேல் வரமாட்டேன் என்றால் அதையாவது எழுது. தபால்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்தாலே வண்டியை முறுக்கிக்கொண்டு போகிறார்.

கந்தவேல்


ராய்ப்பூர்,
12.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மூன்று கடிதமும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறேன். நீங்கள் எங்காவது உட்கார்ந்துகொண்டு இதைப் படியுங்கள்.

நம் பாப்பாவுக்குக் காது கேட்கவில்லை. இரண்டு காதும். பிறவியிலேயே.

ஆயுத பூஜை அன்றைக்கு நீங்கள் கத்தினீர்கள் அல்லவா, நான் உங்களைப் பார்க்கவில்லை, தொட்டிலைப் பார்த்தேன். குழந்தை எழுந்துகொள்ளுமே என்று. தெருவே கூடிவிட்டது, அவள் கை விரல்கூட அசையவில்லை. அன்று முழுக்க நான் அழுதது நீங்கள் சொன்னதற்காக மட்டும் இல்லை. மறுநாள் நீங்கள் இல்லாத நேரம் அவள் தலைமாட்டில் நின்று சில்வர் தட்டைக் கீழே போட்டேன். திரும்பவில்லை. அதற்குப் பிறகு அபியைத் தனியாக அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. அவளிடம் சொல்லவும் தைரியம் வரவில்லை. ரயிலில் சமத்துக் குழந்தை என்று அந்த அம்மா சொன்னபோது நான் எழுந்து பாத்ரூம் பக்கம் போய்விட்டேன். உங்கள்மேல் இருந்த கோபம் ஜோலார்பேட்டை தாண்டுவதற்குள் போய்விட்டது மாமா. நான் தங்கினது கோபத்தால் இல்லை.

ஜனவரியில் அபிக்கே சந்தேகம் வந்துவிட்டது. சளி என்று உங்களுக்குப் பொய் எழுதினேன். தூங்க வைத்துத் தலையில் ஒயரை ஒட்டி டெஸ்ட் எடுத்தார்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அபி ராத்திரியெல்லாம் அழுகிறாள். "இத்தன நாளு நா யாருக்கும்மா தாலாட்டுப் பாடுனேன்" என்று கேட்கிறாள். மாப்பிள்ளை இப்போது கம்ப்ரசர் பக்கம் போனால் காதை அடைத்துக்கொள்கிறார்.

உங்களுக்கு எழுத உட்காருவேன். என் காதுதான் குழந்தைக்கு வந்துவிட்டது என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள் என்று பேனாவை மூடிவிடுவேன். அதை டாக்டரிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். உங்கள் காது வேலை செய்த இடத்துச் சத்தத்தால் போனது, அது ரத்தத்தில் இறங்காது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொன்னார். நீங்கள் நம்ப வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் காது மெஷின் மாட்டியிருக்கிறோம், பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள். ஒரு வயது ஆனதும் ஆபரேஷன் செய்து உள்ளே ஒரு கருவி வைத்தால் கேட்கும், பழகப் பழகப் பேச்சும் வரும் என்கிறார். ஆவணியில் கோயம்புத்தூர் கூட்டிவரலாம் என்று இருக்கிறோம். அதுவரை? அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நான் நம் மெஷின் கணக்கையே எடுத்திருக்கிறேன், தூக்கப் போகிறேன் என்றால் முதுகில் ஒரு தட்டு. இப்போது தட்டினால் கையைத் தூக்குகிறாள். ஆனால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்களோடு இத்தனை வருஷம் இருந்தும் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

நான் அங்கே வர முடியாது. நீங்கள் இங்கே வாருங்கள் மாமா.

உங்கள்
கண்ணாத்தாள்


மோகனூர்,
20.4.2025

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் வந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், பொய் சொல்லமாட்டேன். டாக்டர் அடித்துத்தான் சொன்னாரா? நான் வந்ததும் என் முன்னால் ஒரு தடவை சொல்லச் சொல்லு. வாயசைவில் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமைக்கு ஈரோட்டிலிருந்து டிக்கெட் எடுத்தாயிற்று. வேலுமணி வந்து ஏற்றிவிடுகிறான். ராய்ப்பூர் போர்டு தெரியும்வரை தூங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன், மாப்பிள்ளையை என் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கச் சொல்லு. காசைப் பாதியில் எண்ணெயில் போட்டு மூடிவிட்டேன். இருநூறு வருஷம் கிடந்தது, இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு நேரில் வந்து பேசுகிறேன். மெதுவாகப் பேச எனக்கு வராது, கதவைச் சாத்திக்கொள்ளலாம். இருந்தாலும் இப்போதே எழுதிவிடுகிறேன், நான் அப்படிச் சொன்னது தப்பு. உனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் போனது எனக்குத்தான்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய். நான் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டாம், அபியிடம் இன்றைக்கே சொல்லிவிடு. பாப்பாவைப் பின்னாலிருந்து திடீரென்று தூக்கக் கூடாது, நீ தட்டுகிறாயே, அது சரி. ராத்திரி ஒரு சின்ன விளக்காவது எரியட்டும். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா சமையல்கட்டுக்குப் போனாலும் பாத்திரச் சத்தம் கேட்கும், அங்கேதான் இருக்கிறாள் என்று தெரியும். இவளுக்கு அம்மா கண்ணுக்குத் தெரியாவிட்டால் அம்மாவே இல்லை. அதனால் எழுந்து போகும்போது முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லு, வந்ததும் மறுபடி காட்டச் சொல்லு. தாலாட்டை நிறுத்த வேண்டாம் என்று அபியிடம் சொல்லு. நெஞ்சோடு அணைத்துப் பாடினால் அதிரும். அபி சின்னதில் அழும்போது நான் அப்படித்தான் வைத்துக்கொள்வேன், இப்போது யார் என்மேல் சாய்ந்து பேசினாலும் எனக்கு அது தெரிகிறது.

இன்னொன்று. அவள் வளர்ந்து நாலு பேர் நடுவில் உட்காரும்போது, எல்லாரும் ஏதாவது பேசிச் சிரிப்பீர்கள். அவளும் கூடவே சிரிப்பாள். சிரிக்கிறாளே, புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எதற்குச் சிரித்தோம் என்று அப்போதே அவள் பக்கம் திரும்பிச் சொல்லிவிடுங்கள். "ஒண்ணுமில்ல சாமி, அப்பறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம் யாரும் சொல்வதில்லை.

வருகிறேன்.

கந்தவேல்